பவுனும் பட்டாவும்: சாத்தான்குளம் வட்டாரத்துப் பெண்களின் சொத்தும் கடனும்

சாத்தான்குளம் வட்டாரத்தில் பெண்ணின் சொத்து என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது அவள் காதிலும் கழுத்திலும் கிடந்த பொன். நிலமும் பனையும் வீட்டடியும் ஆண்களின் பெயரில் இருந்தன. கடன் கொடுத்தவர் வட்டிக்கடைக்காரரோ, கருப்பட்டி வியாபாரியோ, பிற்காலத்துக் கூட்டுறவுச் சங்கமோ, வங்கியோ, யாராக இருந்தாலும் முதலில் பார்த்தது யார் பெயரில் என்ன இருக்கிறது என்பதைத்தான். அதனால் இங்கே பெண்களுக்குக் கடன் கிடைத்த வரலாற்றையும் சொத்து கிடைத்த வரலாற்றையும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஊரின் மண்ணிலிருந்தே இது தொடங்குகிறது. 1986 அக்டோபர் 20 அன்று திருநெல்வேலி மாவட்டம் பிரிக்கப்பட்டபோது புதிய சிதம்பரனார் மாவட்டத்தில், அதாவது இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில், சேர்ந்த ஊர் சாத்தான்குளம். தாமிரபரணிக்குத் தெற்கே, ஆற்றுப் பாசனம் எளிதில் எட்டாத நிலப்பரப்பு இது. கிழக்கே குதிரைமொழித் தேரியின் செம்மணல் மேடுகள். மழைக்காலத்தில் மட்டும் நீர் காணும் கருமேனியாறு. மழையை நம்பிய குளங்கள். நெல் விளையாத இந்த மண்ணில் பனை நின்றது. ஒரு நாள் நடைத் தொலைவில் வடக்கே ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி வயல்களில் இரண்டு போகம் நெல் விளைந்தது. நன்செய்க்கும் தேரிக்கும் இடையிலான வேறுபாடு பெண்களின் சொத்து நிலையிலும் தெரிந்தது.

தேரிக்காட்டில் பெண்ணுக்குச் சொத்து இல்லை, வேலை இருந்தது. மாசி தொடங்கி ஆடி வரை நீளும் பதநீர்ப் பருவத்தில் பனையேறி ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது மரங்களை இருமுறையாவது ஏறி இறங்குவார். அவர் இறக்கியதைச் சுமந்து வந்து, வடிகட்டி, விடிலி என்னும் காய்ச்சும் குடிசையில் அடுப்பேற்றிக் காய்ச்சுவது மனைவியின் வேலை. காய்ந்த ஓலை, மட்டை, முள் விறகு பொறுக்குவதும் அவளே. பதநீர் பொங்கி அடங்கிக் கூப்பனி என்னும் பாகாக இறுகும் பதத்தைக் கண்ணால் கண்டு இறக்கிச் சிரட்டைகளில் ஊற்ற வேண்டும். பதம் தப்பினால் அன்றைய உழைப்பு முழுவதும் வீண். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறத்தாழ 8 முதல் 10 லிட்டர் பதநீர் வேண்டும் என்பதால், ஒரு பருவத்தில் ஒரு பெண் காய்ச்சி இறக்கிய பதநீர் ஆயிரக்கணக்கான லிட்டர். பதநீர் அன்றன்றைக்குக் காய்ச்சப்படாவிட்டால் புளித்துப்போகும். ஆணின் ஏற்றத்தை விற்பனைக்குரிய பண்டமாக மாற்றியது அந்த அடுப்புதான்.

ஆயினும் கணக்கு எழுதப்பட்டது பனையேறியின் பெயரில். மரங்கள் பெரும்பாலும் நிலவுடைமைக் குடும்பங்களுக்குச் சொந்தம். ஒரு நாள் பதநீர் உடையவருக்கு, மறுநாள் பதநீர் ஏறுபவருக்கு என்ற பங்குமுறை பல இடங்களில் இருந்தது. பருவம் தொடங்குமுன், வீட்டில் அரிசி இல்லாத மாதங்களில், வியாபாரியிடம் முன்பணம் வாங்குவார்கள். அதைக் கருப்பட்டியாகத் திருப்பித் தர வேண்டும். விலை முன்பணம் வாங்கிய அன்றே, வியாபாரி சொன்னபடி முடிவாகிவிடும். பருவம் முடியும்போது பாக்கி நிற்கும்; அந்தப் பாக்கிக்காக அடுத்த பருவமும் அதே வியாபாரிக்கே அளக்க வேண்டியிருக்கும். காய்ச்சியவள் கைக்குப் பணம் வந்ததில்லை. மரத்திலிருந்து விழுந்து பனையேறி இறந்துவிட்டாலோ நிலைமை மேலும் கொடியது. கைம்பெண்ணால் மரம் ஏற முடியாது. மரத்தின் மீது அவளுக்கு எந்த உரிமையும் இல்லை. கடன் மட்டும் வீட்டு வாசலில் வந்து நின்றது. இந்த வட்டாரத்தில் கைம்பெண்கள் பட்ட வறுமைக்கு விதியைவிட இந்த ஏற்பாடே காரணம்.

நன்செய்ப் பக்கம் வேறு வழக்கம் இருந்தது. மகளுக்குத் திருமணத்தின்போது மஞ்சள் செலவுக்கென்று எழுதிவைக்கும் நிலத்துக்கு மஞ்சள்காணி என்று பெயர். வேளாளர் குடும்பங்களிலும் நிலமுள்ள பிற குடும்பங்களிலும் இது வழங்கியது. இதன் எல்லையைக் காட்டும் இடம் ஸ்ரீவைகுண்டம் கோட்டை. அங்கு வாழ்ந்த கோட்டைப் பிள்ளைமார் சமூகத்துப் பெண்கள் மண்சுவருக்கு வெளியே காலடி வைக்காமலேயே பிறந்து, மணந்து, இறந்தார்கள். இவர்களைப் பற்றி ஆய்வு செய்து 1993-இல் நூல் வெளியிட்ட மானுடவியலாளர் கமலா கணேஷ், அந்தப் பெண்களுக்குக் கணிசமான சீதனச் சொத்து இருந்ததையும் அது தாயிடமிருந்து மகளுக்குச் சென்றதையும் கவனப்படுத்தியிருக்கிறார். ஆனால் தன் வயலைப் பார்த்திராத ஒருத்தி அதைக் குத்தகைக்கு விடுவதோ ஈடு வைப்பதோ எப்படி நடக்கும்? வரவும் செலவும் ஆண்கள் வழியாகவே போயின. பெயரில் இருப்பதும் கையில் இருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்த ஆற்றங்கரையில் இல்லை.

கடற்கரையில் மூன்றாவது வழக்கம் ஒன்று உண்டு. காயல்பட்டினத்து முஸ்லிம் குடும்பங்களில் மகளுக்கு வீடு கொடுப்பது வழக்கம். மணமகன் மணமகள் வீட்டுக்கு வந்து வாழ்கிறார். அந்த வீடு பின்னர் அவளுடைய மகளுக்குப் போகிறது. இறந்தபின் பங்கு பிரிப்பதற்காகக் காத்திராமல் உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுவதால் தகராறும் குறைவு. வீடுகளுக்குப் பின்னால் பெண்கள் நடமாடுவதற்கென்றே இருந்த முடுக்குகள் தெருவைத் தொடாமல் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போக உதவின. கணவர் இலங்கையிலோ வளைகுடாவிலோ வாணிபம் செய்த காலங்களில் தாயும் சகோதரிகளும் சூழ, தன் வீட்டிலேயே பெண் இருந்தாள். மணம் முறிந்தாலும் வெளியேற வேண்டியவள் அவள் இல்லை. இதே வழக்கத்துக்காக மகள்களைப் பெற்ற தந்தையர் வீட்டுக்குமேல் வீடு கட்டிக் கடனாளியானதும் உண்மைதான். ஆனாலும் தலைக்குமேல் ஒரு கூரை தன் பெயரில் இருப்பது ஒரு பெண்ணின் வாழ்வை எவ்வளவு மாற்றும் என்பதை அறிய இந்த வட்டாரத்தார் தொலைதூரம் போக வேண்டியதில்லை.

சாத்தான்குளம் பக்கம் மகளுக்குக் கொடுத்தது பொன். பவுன் கணக்கில் நகை, வெண்கலப் பாத்திரம், ஓலைப்பெட்டியும் கடகமும் நிறைந்த சீர்வரிசை. பழைய தலைமுறைப் பெண்கள் காது வளர்த்துப் பாம்படம் அணிந்தார்கள். மேலே பொன்தகடு, உள்ளே அரக்கு. பார்வைக்குப் பெரிதாகத் தெரிந்த அந்த அணியின் பொன் எடை அவ்வளவு இல்லை என்பது அடகு வைக்கப் போகும்போதுதான் வெளிப்படும். எனினும் கையெழுத்து, பத்திரம், சாட்சி எதுவும் கேட்காமல் ஒரு பெண் உடனே பணமாக்கக்கூடியது அது ஒன்றே. மகனின் படிப்புக்கும், கணவரின் மருத்துவத்துக்கும், விதைக்கும், மளிகைக்கடை முதலுக்கும் முதலில் கழன்றது பெண்ணின் நகை. மதுரை, சென்னை, மும்பை வரை சென்று கடை வைத்த இந்த வட்டாரத்து ஆண்கள் பலரின் முதல் மூட்டைச் சரக்கு மனைவியின் வளையலிலிருந்து வந்தது. அந்தக் கடைகளின் பங்குப் பத்திரங்களில் அவளுடைய பெயர் இடம்பெற்றது அரிது.

அடகுக்கடைகளுக்குச் சட்டக் கட்டுப்பாடு 1943-ஆம் ஆண்டின் சென்னை அடகு பிடிப்போர் சட்டத்தோடுதான் வந்தது. ரசீது கொடுக்க வேண்டும், வட்டிக்கு வரம்பு உண்டு, முறையான அறிவிப்பின்றி நகையை ஏலம் விடக்கூடாது என்று அச்சட்டம் சொன்னது. எழுத்தறியாத பெண்ணுக்கு ரசீதைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது என்பது வேறு.

இதற்கு அப்பால் பெண்களே தங்களுக்குள் கட்டிக்கொண்ட ஏற்பாடுகள் இருந்தன. சிறுவாடு அவற்றில் முதன்மையானது. ஓலை முடைந்து விற்ற காசு, கோழி முட்டை, ஆட்டுக்குட்டி விற்ற பணம், அடுப்படிச் செலவில் மிச்சம் பிடித்தது எல்லாம் அரிசிப் பானைக்குள்ளோ முந்தானை முடிச்சிலோ சேரும். இந்தப் பணத்தைக் கணவர் கேட்பதில்லை, கேட்டாலும் அவள் சொல்வதில்லை. ஐந்தாறு பேர் சேர்ந்து குலுக்கல் சீட்டு போடுவார்கள். பெயர் விழுந்தவள் பாத்திரமோ பொன்னோ வாங்குவாள். அவசரத்துக்குக் கைமாற்று, எழுத்தில்லாமல் கொடுத்து எழுத்தில்லாமலே திரும்ப வரும். தேவாலயங்களில் பெண்கள் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து ஒதுக்கி வைத்துக் காணிக்கையாகச் செலுத்திய பிடியரிசி வழக்கமும் இதே சேமிப்புப் பண்பின் இன்னொரு முகம். பிற்காலத்து மகளிர் குழுக்கள் புதிதாக எதையும் கற்றுக்கொடுத்துவிடவில்லை. இந்தப் பெண்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததற்கு அவை ஒரு கணக்குப் புத்தகமும் வங்கிக் கணக்கும் சேர்த்தன.

கிறித்தவம் இந்த வட்டாரத்துக்குக் கொண்டுவந்த மாற்றங்களில் சொத்துச் சட்டமும் ஒன்று. அதிகம் பேசப்படாதது. திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கமே ஒரு பெண்ணின் சொத்தோடு கலந்தது. கைம்பெண்ணான மராட்டிய அந்தணப் பெண் ஒருவர் 1778-இல் ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்று கிளாரிந்தா ஆனார். ஆங்கிலப் படை அதிகாரி ஒருவர் தமக்கு விட்டுச்சென்ற பொருளைக் கொண்டு பாளையங்கோட்டையில் அவர் எழுப்பிய ஆலயம் 1785-இல் திறக்கப்பட்டது. மக்கள் அதைப் பாப்பாத்தியம்மாள் கோவில் என்றார்கள். அவர் வெட்டிய கிணறும் அவர் பெயரால் விளங்கியது. தன் பொருளைத் தானே செலவிடும் உரிமை ஒரு கைம்பெண்ணுக்கு இருந்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு இந்த மண்ணில் கிடைக்கும் பழைய சான்று அது.

சாத்தான்குளத்தை அடுத்த முதலூர் 1799-இல் உருவானது. புதிதாகக் கிறித்தவம் ஏற்று ஊரில் இருக்க முடியாமல் துரத்தப்பட்ட மக்களுக்கென நிலம் வாங்கி, இந்த வட்டாரத்தைச் சேர்ந்த தாவீது சுந்தரானந்தம் முன்நின்று அமைத்த குடியிருப்பு அது. நிலக்கிழாருக்குக் கட்டுப்படாத குடியிருப்பு என்ற வகையில் அங்கே குடிசை போட்ட பெண்ணுக்கும் ஒரு பாதுகாப்பு வந்தது.

இதைவிடத் தெளிவாகப் பெண்கள் கைக்குப் பணம் வந்தது பின்னல் வழியாக. நாகர்கோவிலில் லண்டன் மிஷன் பெண்மணிகள் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொடங்கிய லேஸ் பின்னலை, அங்கே வளர்ந்த எலிசா மால்ட், 1844-இல் மிஷனரி கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தபோது கொண்டுவந்தார். நாகர்கோவிலில் அடிமைப் பெண்கள் பின்னல் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையையே விலைக்கு வாங்கியிருக்கிறார்கள். சாத்தான்குளத்துக்குத் தெற்கே உள்ள இடையன்குடியில் பனையேறிகளின் மகள்கள் நூலும் ஊசியும் பிடித்து, கருப்பட்டி வியாபாரியின் கணக்குக்கு வெளியே முதன்முறையாகக் காசு சம்பாதித்தார்கள். 1874-ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டம் மனைவியின் சம்பாத்தியம் அவளுக்கே உரியது என்று கூறியது. அச்சட்டம் இந்து, முஸ்லிம் பெண்களுக்குப் பொருந்தாது. கிறித்தவப் பெண்களுக்குப் பொருந்தும். ஆகவே அந்த ஆண்டுக்குப்பின் இடையன்குடியில் பின்னல் பின்னிய மனைவியின் கூலி சட்டப்படி அவளுடையது. அதே வேலையைச் செய்த இந்துப் பெண்ணின் கூலிக்கு அந்தச் சட்டத்தின் துணை இல்லை.

வாரிசுரிமையில் வேறுபாடு இன்னும் பெரிது. கிறித்தவரான இந்தியர் எந்தச் சட்டத்துக்கு உட்பட்டவர் என்ற கேள்வி பல்லாரியைச் சேர்ந்த சார்லட் ஆபிரகாம் என்ற கைம்பெண் தொடர்பான வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. கூட்டுக்குடும்பச் சொத்து என்று சொல்லிக் கணவரின் தம்பி பாதி கேட்டார். மதம் மாறியவர் பழைய சட்டத்தைக் கைவிட்டு வாழலாம் என்று 1863-இல் தீர்ப்பு வந்தது. இரண்டே ஆண்டுகளில் வந்த 1865-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் உயில் எழுதாமல் இறந்த கிறித்தவரின் சொத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும், மீதியில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கும் தந்தது. முதலூர், நாசரேத், மெஞ்ஞானபுரம் ஊர்களின் கிறித்தவ மகள்கள் சமபங்கு உரிமை பெற்றது அப்போதுதான். எல்லைக்கு அப்பால் திருவிதாங்கூரில் இருந்த நாகர்கோவில் பக்கத்தில் 1916-ஆம் ஆண்டுச் சட்டப்படி மகளுக்கு மகன் பங்கில் கால் பாகம் அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அதுதான். மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்புதான் அந்த ஏற்பாடு செல்லாமற்போனது.

தாளில் இப்படி 120 ஆண்டு முன்னே நின்ற சாத்தான்குளம் வட்டாரத்துக் கிறித்தவ மகள் நடைமுறையில் முன்னே நின்றாளா என்றால் இல்லை. நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்று, அதோடு கணக்கு முடிந்தது என்பதே வீட்டுச் சட்டம். தந்தை இறந்தபின் சகோதரர்கள் பத்திரத்தோடு வருவார்கள். மகள் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடுவாள். கேட்டுவாங்கினால் பிறந்த வீட்டு வாசல் மூடிவிடும். பிள்ளைக்குக் காது குத்தத் தாய்மாமன் வரமாட்டார். கணவர் வீட்டில் சண்டை வந்தால் போய் நிற்க இடம் இருக்காது. பங்கைவிட அந்த வாசல் அவளுக்கு மதிப்புள்ளதாக இருந்தது. இதை அறியாமை என்று சொல்வது அநியாயம். கணவர் வீட்டிலும் நிலமில்லை, பிறந்த வீட்டிலும் இல்லை என்ற நிலையில் சகோதரன் ஒருவனே அவளுக்கிருந்த காப்பீடு. அதற்கான தவணையாக அவள் கட்டியது தன் நிலப்பங்கை.

இந்துப் பெண்களுக்குச் சட்டம் மெல்ல மெல்ல வந்தது. இந்துச் சட்டத்தின் மிதாட்சர முறையில் மகன்கள் பிறப்பால் பங்காளிகள். மகன் இல்லாதபோது கைம்பெண்ணுக்கு அனுபவ உரிமை மட்டும். விற்கவோ விரும்பியவருக்கு எழுதவோ முடியாது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு பெண்களுக்குச் சொத்தில் சமவுரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. எட்டு ஆண்டு கழித்து 1937-இல் வந்த இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் கைம்பெண்ணுக்கு மகனுக்குரிய பங்கைத் தந்தது, அதுவும் ஆயுள்வரை அனுபவமாக. அந்தச் சட்டத்திலும் ஓர் ஓட்டை. விவசாய நிலம் மாகாணங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது, மத்தியச் சட்டம் அதைத் தொடாது என்று 1941-இல் கூட்டாட்சி நீதிமன்றம் கூறியது. சென்னை மாகாணம் அதை விவசாய நிலத்துக்கும் விரித்தது 1947-இல். நிலத்தைத் தவிர வேறு சொத்தே இல்லாத கிராமத்துக் கைம்பெண்களுக்கு அந்தப் பத்தாண்டு சட்டம் வந்தும் வராததுபோலத்தான்.

1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், பெண்ணிடம் உள்ள சொத்து அவளுக்கு முழு உரிமையானது என்று 14-ஆம் பிரிவில் சொல்லி அனுபவ உரிமை என்ற கட்டை அறுத்தது. தந்தையின் தனிச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு கிடைத்தது. ஆனால் பரம்பரைச் சொத்தில் மகள் பங்காளி ஆகவில்லை. பிறந்த வீட்டைப் பிரிக்கச் சொல்லும் உரிமையும் ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வரும்வரை அவளுக்கு இல்லை. தமிழ்நாடு 1989-இல் திருத்தம் கொண்டுவந்து மகளையும் பிறப்பால் பங்காளி ஆக்கியது. அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் திருமணமான பெண்களை அது விலக்கிவைத்தது. ஒரே வீட்டில் பிறந்த அக்காவுக்கு இல்லாத பங்கு தங்கைக்கு உண்டு என்ற நிலை, கட்டிக்கொடுத்த தேதியை வைத்து உண்டானது. 2005 செப்டம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தம் இந்த வேறுபாட்டையும் வீடு பற்றிய தடையையும் நீக்கியது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு, தேவையில்லை என்று வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் விடை சொன்னது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாக முடிந்த பாகப்பிரிவினைகளை மட்டும் திறக்க முடியாது. இவ்வளவுக்குப் பின்னும் விடுதலைப் பத்திரம் எழுதும் வழக்கம் நிற்கவில்லை. 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சாகுபடி நில உடைமையாளர்களில் பெண்கள் சுமார் 14 விழுக்காடு.

கடன் நிறுவனங்களின் வரலாறு இந்தப் பின்னணியில் நடந்தது. 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் திருவள்ளூரை அடுத்த திரூரில் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கி, பின் மாகாணமெங்கும் பரவியது. வட்டிக்காரர் பிடியிலிருந்து குடியானவரை மீட்பது நோக்கம். குடியானவர் என்றால் பட்டா உள்ளவர். பட்டா உள்ளவர் என்றால் ஆண். சங்கத்தின் கதவு பெண்ணுக்கு மூடப்படவில்லை, ஆனால் அதைத் திறக்கும் சாவி அவளிடம் இல்லை. 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கியது. 1962-இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறிய அந்நிறுவனம், உறவின்முறை என்ற ஊர்ச் சமூக அமைப்பும் மகமை என்ற பொதுநிதியும் வளர்த்த கூட்டுச் சேமிப்புப் பழக்கத்தின் மீது எழுந்தது. தேரிக்காட்டிலிருந்து வந்த ஒரு சமூகம் தனக்கென வங்கி அமைத்தது பெரும் சாதனை. அது கடைக்கும் வாணிபத்துக்கும் துணை நின்றது. விடிலியில் அடுப்பெரித்தவளுக்கு அந்தப் படி எட்டவில்லை. பின்னர் வந்த பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் வியாபாரியின் முன்பணத்துக்கு மாற்றாக இருக்க முயன்றன. அவற்றிலும் பனையேறியே உறுப்பினர்.

1969-இல் வங்கிகள் நாட்டுடைமை ஆனதும், 1977-இல் பாண்டியன் கிராம வங்கி தொடங்கியதும் கிளைகளைக் கிராமத்துக்குக் கொண்டுவந்தன. அந்தக் கிராம வங்கி 2019 ஏப்ரலில் பல்லவன் கிராம வங்கியோடு இணைந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆனது. கிளை பக்கத்தில் வந்தாலும் ஈடும் ஜாமீனும் கேட்கப்பட்டன. கணவர் வெளியூர்க் கடையில் இருக்க, வீட்டில் இருந்தபடி முருங்கையும் ஆடும் வளர்த்த பெண்ணின் பெயரில் சிட்டா இல்லை. பயிர்க்கடன் வாங்க அவர் ஊருக்கு வர வேண்டும்.

இந்த முடிச்சை ஓரளவு அவிழ்த்தது மகளிர் சுயஉதவிக் குழு. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-இல் அமைந்தது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-இல் தருமபுரியில் குழுக்கள் தொடங்கின. நபார்டு வங்கி 1992-இல் 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துச் சோதித்துப் பார்த்தது. 1997–98 முதல் மகளிர் திட்டமாக மாநிலமெங்கும் விரிந்தபோது தென் மாவட்டங்களும் அதில் சேர்ந்தன. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள், வாரச் சேமிப்பு, தீர்மானப் புத்தகம், ஊக்குநர், உள்கடன் என்று குழு நடந்தது. நிலத்தையோ பொன்னையோ ஈடாகக் கேட்காமல், ஒருத்திக்கு மற்றவர்கள் பொறுப்பு என்ற ஒரே பிணையில் வங்கி கடன் கொடுத்தது. சொத்தில்லாதவளுக்கும் கடன் உண்டு என்ற நிலை வரலாற்றில் முதன்முறையாக வந்தது. வங்கிக்குள் நுழையவே தயங்கிய பெண் மேலாளர் முன் நாற்காலியில் உட்கார்ந்து பேசினாள். பல வீடுகளில் வட்டிக்காரரின் வரவு நின்றது. இதைக் குறைத்து மதிப்பிடக்கூடாது.

அதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். குழுக்கடன் சிறிது, தவணை நெருக்கமானது. ஆடு, மாடு, தையல் எந்திரம் வாங்கப் போதும், நிலம் வாங்கப் போதாது. கடன் பெண் பெயரில், செலவு ஆண் கையில் என்று ஆன வீடுகள் உண்டு. குழுக்களின் வெற்றியைக் கண்டு பின்னால் வந்த தனியார் குறுங்கடன் நிறுவனங்கள் குழுப் பொறுப்பை எடுத்துக்கொண்டு சேமிப்பை விட்டுவிட்டன. ஒரு தவணை தவறினால் மற்றப் பெண்களைக் கொண்டே அவள் வாசலில் நெருக்கடி கொடுக்கும் முறை பரவியது. கந்துவட்டியும் ஒழியவில்லை. அதைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003-ஆம் ஆண்டிலேயே உண்டு. இருந்தும் 2017 அக்டோபர் 23 அன்று திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையைப் பலமுறை முறையிட்டும் பயனின்றி ஒரு கூலித் தொழிலாளியும் அவர் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் தீக்கு இரையானார்கள். அந்த வளாகத்தைக் கடக்கும் எவரும் அதை மறக்க முடியாது. கடன் வசூலில் வற்புறுத்தலைத் தடுக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு 2025-இல் இயற்றியது.

நிலத்தைப் பெண்ணின் பெயரிலேயே சேர்க்கும் முயற்சிகளில் கீழத் தஞ்சையில் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் 1981-இல் தொடங்கிய லாப்டி அமைப்பின் பணி தனித்து நிற்கிறது. வங்கிக் கடன் பெற்று நிலக்கிழார்களிடமிருந்து நிலத்தை வாங்கி, நிலமற்ற தலித் பெண்களின் பெயரில் பதிவு செய்தார்கள். தாமிரபரணிக் கரையில் அதற்கு இணையாக ஒன்று நடக்கவில்லை. இங்கே வந்தவை அரசின் வழியாக வந்தவை: பெண்களின் பெயரில் வழங்கப்படும் இலவச வீட்டுமனைப் பட்டா, 2025 ஏப்ரல் 1 முதல் பெண்களின் பெயரில் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துப் பதிவுக்கு ஒரு விழுக்காடு கட்டணக் குறைப்பு. கட்டணத்தை மிச்சப்படுத்தவே பெண் பெயரில் எழுதுவோரும் இருப்பார்கள். எந்தக் காரணத்தால் எழுதினாலும் பத்திரத்தில் ஏறிய பெயர் ஏறியதுதான்.

உடன்குடிப் பனங்கருப்பட்டி 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. விடிலிகள் குறைந்துவிட்டன, ஏறுவதற்கு ஆள் இல்லை, எஞ்சியுள்ள அடுப்புகளுக்கு முன்னால் இன்றும் பெண்களே இருக்கிறார்கள். பனைகளும் நிலமும் யார் பெயரில் என்பதில் பெரிய மாற்றமில்லை. நகை மட்டும் முன்போலவே வேலை செய்கிறது. பயிர் வைக்கும் நாளில் சாத்தான்குளத்து விவசாயக் குடும்பம் நகைக்கடனுக்கு வங்கிக்குப் போகும்போது, விவசாயக் கடனுக்குரிய வட்டியில் கேட்டால், நிலத்தின் சிட்டாவும் அடங்கலும் கேட்கப்படும். தட்டில் வைத்து எடை போடப்படுவது மனைவியின் சங்கிலி. அதோடு நீட்டப்படும் சிட்டா நகலில் உள்ள பெயர், பெரும்பாலான வீடுகளில், கணவருடையது அல்லது மாமனாருடையது.